அக்காவின் நாற்காலியில் ஒரு குறுக்குச் சட்டம்

டிரைவர் தான் செய்த நாற்காலியின் படத்தைக் குழுவில் போட்டுவிட்டு, அதற்குக் கீழே "குறை: எதுவும் இல்லை" என்று எழுதினார். அதுதான் வம்பாகப் போயிற்று.

மரவேலைக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவர் எதைச் செய்து காட்டினாலும், அதில் என்ன தப்பு என்பதை அவரே முதலில் சொல்லிவிட வேண்டும். கழகம் தொடங்கிய புதிதில் ஆளாளுக்குத் தங்கள் சாமானைத் தாங்களே மெச்சிக்கொண்டு கூட்டத்தை இழுத்தடித்தார்கள். அச்சகம் நடத்திக்கொண்டிருந்த தலைவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு இது. குறையைச் சொன்னால்தான் மற்றவர்கள் பாராட்டலாம். நோய் பரவி ஊரே வீட்டுக்குள் அடைந்து, லேத் பட்டறைக்குப் பின்னாலிருந்த கழகக் கொட்டகைக்கும் பூட்டுப் போட்ட பிறகு, கூட்டம் போனுக்குள் குடியேறியது. வழக்கமும் கூடவே வந்தது. பேக்கரிக்காரர் காய் நறுக்கும் பலகையின் படத்தைப் போட்டு, "ஒரு பக்கம் தூக்கியிருக்கு" என்று எழுதுவார். பலகையைத் தவிர அவர் வேறெதுவும் செய்தது கிடையாது. எல்லாமே ஒரு பக்கம் தூக்கித்தான் இருக்கும். பல் டாக்டர் தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னப் பெட்டிகள் செய்து, "மூடி திறக்க மாட்டேங்குது" என்பார்.

இந்தக் கூட்டத்தில் போய் ஒருவர் குறையே இல்லை என்றால் சும்மா விடுவார்களா?

"பெரிய மனுஷன் ஆயிட்டீங்க டிரைவர்," என்று பல் டாக்டர் குரலைப் பதிந்து அனுப்பினார். "நானும் இத்தனை வருஷமா பாக்கறேன், குறையில்லாத வாயை இன்னும் பாத்ததில்ல."

"தேடிப் பாருங்க, கிடைக்கும்," என்றார் தலைவர். "கிடைக்கிற வரைக்கும் பாராட்டு நிறுத்தி வைக்கப்படுது."

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்கள் பொழுது போகாமல் செய்துகொண்டிருந்தார்கள். அவருடைய நாற்காலி அப்படியில்லை. அதில் குறை இருக்க அவரால் இடம் கொடுக்க முடியாது.

அவர் பேருந்து ஓட்டியவர். ரயில் நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே தடம், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை. பஸ்ஸைத் தவிர வேறு எதையும் அவன் கட்டிக்கொள்ளவில்லை என்று அவருடைய அக்கா சொல்வாள். ஓய்வு பெற்றதும் கைக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போய், சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்து எரிச்சலாகி அக்காதான் அவரைக் கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மரம் அவருக்கு ஒத்துப்போயிற்று. அது சில்லறை கேட்காது, நிறுத்தம் தாண்டிவிட்டது என்று கத்தாது, படிக்கட்டில் தொங்காது.

அக்கா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள். கணவர் காலமான பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். ஊர் அடைபடுவதற்குச் சற்று முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது இடுப்பு மூட்டை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் உடைந்ததை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்து அனுப்பினார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டால் நடக்க முடிந்தது. உட்கார முடிந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க வேண்டியவரால் தன் தெருவைத் தாண்ட முடியவில்லை. தாழ்வான இருக்கை கூடாது, கைப்பிடி அவசியம் என்று போனில் சொன்னதோடு சரி. வீட்டில் இருந்ததோ உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிற ஒரு சோபாவும், கைப்பிடியில்லாத ஒரு முக்காலியும்தான். கடைகளெல்லாம் மூடியிருந்தன.

ஆகவே ஒவ்வொரு முறையும் டிரைவர் தூக்கிவிட்டார். முதலில் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். அப்படி இழுக்கக் கூடாது. தூக்கப்படுகிறவரின் தோளும் போகும், தூக்குகிறவரின் முதுகும் போகும். இரண்டும் போகிற நிலைக்கு வந்த பிறகு, அக்காவின் இடுப்பில் அகலமான பட்டை ஒன்றைக் கட்டி, அதைப் பிடித்துத் தூக்கக் கற்றுக்கொண்டார். முதுகு பிழைத்தது. ஆனால் குளியலறைக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்ததே, அது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். வைத்த குவளை வைத்தபடி நிறைந்திருப்பதை டிரைவர் கவனித்தார்.

இதற்கு மேல், வெளியூரில் இருக்கும் அக்காவின் மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "மாமா, உங்களுக்கும் வயசாச்சு. நீங்க எத்தனை நாள் தூக்குவீங்க? வண்டி ஓட ஆரம்பிச்சதும் அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடறேன். அவங்களே எழுந்து நடமாடினாங்கன்னா வேற விஷயம், அங்கயே இருக்கட்டும்."

மகள் பொல்லாதவள் இல்லை. சொன்னதும் நியாயம்தான். ஆனால் அவள் வீடு மூன்றாவது மாடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில் இருந்தது. "அங்க போனா என்னை அலமாரி மேல எடுத்து வெச்ச மாதிரி," என்றாள் அக்கா. அவளுக்குப் போக மனமில்லை. டிரைவருக்கு அனுப்ப மனமில்லை. அதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அதனால் அவர் நாற்காலி செய்ய உட்கார்ந்தார்.

துணி துவைக்கும் இடம்தான் பட்டறை. துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு கதவைப் போட்டால் அது வேலை மேசை. பின்னறையில் பிரித்துச் சாத்தியிருந்த பழைய கட்டிலிலிருந்து மரம் எடுத்தார். அக்காவின் முழங்காலின் உள்மடிப்பிலிருந்து தரை வரைக்கும் அளந்து, அதற்கு மேல் ஒரு விரற்கடை உயரம் வைத்தார். கைப்பிடிகளைச் சீட்டின் விளிம்பு வரைக்கும் நீட்டினார். இழைத்த தூள் காயப்போட்ட துணியிலெல்லாம் ஒட்டி, அக்கா தும்மிக்கொண்டே திட்டினாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. கடைசியில் நாற்காலி ஆடவே கூடாது என்று, முன்கால்கள் இரண்டையும் கணுக்கால் உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்தார். சட்டத்தின் இரு நுனிகளையும் மெல்லிய நாக்குப் போலச் செதுக்கி, கால்களில் குடைந்த துளைகளுக்குள் செலுத்தி, மறுபக்கம் எட்டிப் பார்த்த நுனியைப் பிளந்து ஆப்பு அடித்தார். நகம் நுழைய இடம் இல்லை. அவர் கை செய்ததிலேயே அதைப் போல ஒரு வேலை இல்லை. அந்த மயக்கத்தில்தான் பசை காய்வதற்கு முன்பே படம் போட்டார். அக்கா அதில் இன்னும் உட்கார்ந்து பார்க்கவே இல்லை.

பசை காய்ந்ததும் உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள், கைப்பிடியைத் தடவியபடி.

"எழுந்திரு."

கைகளை ஊன்றி அழுத்தினாள். உடம்பு கொஞ்சம் எழும்பி, அப்படியே திரும்ப அமர்ந்தது. இன்னொரு தடவை முயன்றாள். அதே கதை.

"எழுந்திரு அக்கா."

"நீ சொன்னா எழுந்துடுவேனா? நான் என்ன உன் பஸ்ஸா, சாவியைத் திருப்பினதும் கிளம்ப?"

உயரம் போதவில்லை என்று டிரைவர் நினைத்தார். நாற்காலியின் கால்களுக்கடியில் கட்டை வைத்தார். அக்காவின் பாதம் தரையில் படாமல் தொங்கியது. கட்டையை எடுத்துவிட்டுத் தலையணை போட்டார். அவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். வேறு வழியில்லாமல் குழுவில் விஷயத்தைச் சொன்னார். அதன் பிறகு கேலி நின்று யோசனை தொடங்கியது. அது கேலியைவிட மோசமாக இருந்தது. கூரையில் கொக்கி மாட்டிக் கயிறு தொங்கவிடச் சொன்னார் தலைவர். பல் டாக்டர் தன் நோயாளிகள் நாற்காலியைப் போலக் கீழே மிதிகட்டை வைக்கச் சொன்னார். சீட்டுக்கு அடியில் சுருள்வில் வைத்தால் என்ன என்றார் பேக்கரிக்காரர்.

ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "உங்க கழகத்துல ஒருத்தர் கூட உக்காந்து எழுந்ததே இல்லையா?"

அதோடு போனை அணைக்கச் சொன்னாள். "அந்த முக்காலியை எடுத்து எதிர்ல போட்டு உக்காரு. எழுந்திரு, நான் பாக்கறேன்."

டிரைவர் உட்கார்ந்தார், எழுந்தார். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார். போட்டோவுக்கு நிற்பவரைப் போல விறைப்பாக எழுந்தார்.

"வேணும்னு எழுந்திருக்காதடா. சாதாரணமா எழுந்திரு."

"சாதாரணமாத்தான் எழுந்திருக்கறேன்."

"சரி, உக்காரு. உக்காந்து ஏதாவது பேசு."

அவர் உட்கார்ந்து, நாற்காலியின் மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நடுவில் அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, "அடுப்புல பால் பொங்குது பாரு," என்றாள். டிரைவர் துள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடினார். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

"பால் இல்ல," என்று திரும்பி வந்து சொன்னார்.

"எனக்குத் தெரியும். உன் காலைத்தான் பாத்தேன். எழுந்திருக்கறதுக்கு முன்னாடி காலை முக்காலிக்கு அடியில இழுத்துக்கிட்ட." அக்கா தன் டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சுகளை நினைத்துக்கொண்டாள். "ரயில் வர்ற சத்தம் கேட்டா போதும், வரிசையா அத்தனை செருப்பும் பெஞ்சுக்கு அடியில போகும். அப்புறம்தான் ஆளுங்க எழுந்திருப்பாங்க. தினம் பாத்தது, மறந்தே போச்சு."

சொல்லிக்கொண்டே தன் இடது காலைப் பின்னால் இழுத்தாள். குதிகால் குறுக்குச் சட்டத்தில் டக்கென்று இடித்தது.

இருவரும் குனிந்து அந்தச் சட்டத்தைப் பார்த்தார்கள்.

"அடியில கொஞ்சம் குடைஞ்சு எடுத்துடலாம்," என்றார் டிரைவர்.

"எவ்வளவு குடைவ?"

"ஒரு அரை வட்டம் மாதிரி. சட்டமும் இருக்கும், கால் வெக்க இடமும் கிடைக்கும்."

"அதுக்குப் பதிலா என் குதிகாலைக் கொஞ்சம் செதுக்கிடேன்."

டிரைவர் சட்டத்தை விரலால் தட்டினார். அது கல்லைப் போல நின்றது. பசையும் ஆப்புமாகச் சேர்ந்து இறுகியதைக் கழற்ற முடியாது; அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

"உனக்கு நீயே ஆப்பு வெச்சுக்கறதுன்னா இதான்," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. தம்பி அந்தச் சட்டத்தை எவ்வளவு நேரம் தேய்த்தான் என்று அவளுக்குத் தெரியும். அவள்தானே தும்மிக்கொண்டிருந்தாள்.

குழுவில் அவர் ஒரே வரி எழுதினார்: "குறை கிடைச்சது. முன்சட்டம்." அந்த ஆப்பு வேலையைப் படத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள்தான் எல்லாரும். பிறகு பல் டாக்டர் வீடியோவில் கூப்பிட்டார். ஒருவர் பின் ஒருவராகக் கழகமே வந்து சேர்ந்தது. பேக்கரிக்காரர் கையில் மாவோடு வந்தார்.

"மெல்லிசான ரம்பம் எடுங்க," என்றார் பல் டாக்டர். "காலை ஒட்டி ஒரு அட்டை வைங்க, கால்ல கீறல் விழாது. அவசரப்படாதீங்க. வேர்ல பிடிச்ச பல்லு மாதிரிதான்."

"மயக்க மருந்து மரத்துக்கா, டிரைவருக்கா?" என்றார் தலைவர்.

"ரெண்டு பேருக்கும் வேணாம், அறுக்கட்டும்," என்று அக்கா நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த சோபாவிலிருந்து சொன்னாள்.

டிரைவர் அறுத்தார். முதல் பக்கம் போகும்போது போனில் யாரோ உச்சுக் கொட்டியது கேட்டது. இரண்டாம் பக்கமும் போனதும் சட்டம் அவர் கைக்குள் விழுந்தது. நாற்காலியை அசைத்துப் பார்த்தார். லேசாக ஆடியது. பக்கச் சட்டங்கள் ஏற்கெனவே இருந்ததால், கட்டிலில் மிச்சமிருந்த மரத்தில் புதிதாக ஒன்று செய்து, பின்கால்கள் இரண்டையும் இணைத்தார். ஆட்டம் நின்றது. இந்தத் தடவை பசை காயும் வரைக்கும் போனைத் தொடவில்லை.

மறுபடி அக்கா உட்கார்ந்தாள். டிரைவர் எதிரில் வாக்கரை வைத்துவிட்டு, பட்டையைப் பிடிக்கத் தயாராகக் குனிந்து நின்றார்.

"கையைப் பாக்கெட்ல போடு."

"விழுந்துட்டா?"

"பின்னாடி நாற்காலிதான் இருக்கு. போடுன்னா போடு."

போட்டுக்கொண்டார். அக்கா மெல்ல நகர்ந்து சீட்டின் விளிம்புக்கு வந்தாள். வலது காலை முன்னால் நீட்டிவைத்தாள். இடது காலை அடியில் இழுத்தாள். அது தடையில்லாமல் போயிற்று. கைப்பிடிகளை அழுத்தினாள். பாதிதூரம் வந்து, பொத்தென்று உட்கார்ந்தாள்.

டிரைவரின் கைகள் பாக்கெட்டுக்குள் துடித்தன.

"வாக்கரைப் பாக்காத. அதைப் பிடிச்சு எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சாயும்," என்றார்.

"தெரியும். என் வண்டியை எனக்கே ஓட்டக் கத்துக் குடுக்காத."

மறுபடி அழுத்தினாள். முகம் சுருங்கியது. முழங்கால் யோசித்தது. பிறகு அது நிமிர்ந்தது, அதற்கு மேல் அக்கா நிமிர்ந்தாள். ஒரு கையை எடுத்து வாக்கரைப் பிடித்தாள், அப்புறம் மறு கை. நின்றுகொண்டிருந்தாள். டிரைவரைவிட ஒரு சாண் குள்ளம் அவள். அடிபட்ட நாளிலிருந்து அவள் தன் கையில் தொங்கியபடி எழுவதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அவள் ரொம்ப உயரமாகத் தெரிந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கற? வழியை விடு."

வழியை விட்டார். வாக்கர் டொக் டொக்கென்று கூடத்தைக் கடந்து போயிற்று. அவர் இரண்டடி பின்னால் போனார். குளியலறை வாசலில் அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் அங்கேயே நின்றார். கதவு சாத்திக்கொண்டது.

"தாழ்ப்பாள் போடாத," என்றார்.

போடக் கூடாதுதான், உள்ளே விழுந்தால் கதவை உடைக்க வேண்டிவரும். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அவர் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள்.

"மாமா, வண்டி அடுத்த வாரத்துல இருந்து விடுவாங்க போல. அம்மாகிட்ட குடுங்க, எதை எதை எடுத்து வெக்கணும்னு சொல்றேன்."

"அவ இங்க இல்லயே. பாத்ரூம்ல இருக்கா."

"நீங்க என்கிட்ட பேசிட்டிருக்கீங்க. அப்ப யாரு கூட்டிட்டுப் போனது?"

"யாரும் இல்ல."

கதவுக்குள்ளிருந்து குழாய்ச் சத்தத்தோடு அக்காவின் குரல் வந்தது.

"யாருடா போன்ல? அவளா? வெக்கச் சொல்லு. வெளிய வந்து நானே கூப்பிடறேன்."