முதலில் ஏறி, கடைசியில் இறங்குகிறவள்

என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது. பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேன் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அது ஒரு குறை. உலகத்திலுள்ள அத்தனை டிரைவர்களும் போனில், "இதோ, தெருமுனைக்கு வந்துட்டேன்" என்பார்கள். இவன், "இன்னும் கிளம்பவே இல்லீங்க" என்பான். தெருவில் அவனுக்கு அரிச்சந்திரன் என்று பேர். வேனில் வரும் பிள்ளைகளுக்கு வேன் மாமா. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு வெறும் டிரைவர்.

அவன் குடும்பம் கீழ்வீட்டில், நான் மாடியில். எனக்கு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை. தம்பி பெண்டாட்டிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங். விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விடுவாள். ஆக, அவர்களுடைய ஒரே மகளை எழுப்பி, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு விரட்டுகிற பொறுப்பு இந்த அத்தை தலையில் விழுந்து வருடக்கணக்காகிறது. பெண்ணுக்கு நான் வைத்த பேர் வாயாடி. பல் துலக்கும்போதும் பேசும். கொப்பளித்துவிட்டுப் பேசேன்டி என்றால், மறந்துபோயிடும் அத்தை என்று நுரையோடு சொல்லும்.

அப்பனை அது பார்ப்பதே அபூர்வம். அது கண் விழிப்பதற்குள் அவன் வேனை எடுத்துக்கொண்டு போயிருப்பான். காலையில் பெரிய பிள்ளைகள், மதியம் மழலை வகுப்புப் பிள்ளைகள், சாயந்திரம் மறுபடி பெரியவர்கள், அதற்கு மேல் ஒரு கம்பெனி ஆட்கள் என்று எல்லோரையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு அவன் தன் வீட்டுக்கு வரும்போது இது தூங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெளியூர் வாடகை. உங்க அப்பா எப்படிம்மா இருப்பார் என்று யாராவது கேட்டால், "நல்லா குறட்டை விடுவாரு" என்று சொல்லக்கூடிய குழந்தை அது. எங்களுக்குச் சிரிப்பு வரும். அவனும் சிரிப்பான்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து, ஆறாம் வகுப்புக்கு எங்கே போடுவது என்ற பேச்சு வந்தது. ஒன்று, அடுத்த தெருப் பள்ளி. அங்கே மணி அடித்தால் எங்கள் அடுப்படியில் கேட்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து நாளாகிறது, ஆனால் ஆசிரியர்கள் வருகிறார்கள், பாடம் நடக்கிறது, பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் தேறுகிறார்கள். இன்னொன்று, தம்பி வேன் ஓட்டுகிற பெரிய பள்ளி. ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. உள்ளே நீச்சல் குளம் இருக்கிறதாம். இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தலை ஈரத்தோடு வீடு திரும்பிய ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை.

எனக்குப் பெரிய பள்ளிதான் சரி என்று பட்டது. "சொந்த வேன். பொண்ணு பக்கத்துல உக்காந்து வரப்போறா. இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றேன்.

"அக்கா, வண்டி கிளம்புறதே நம்ம வாசல்லேருந்து. அப்ப முதல்ல ஏறுறது யாரு? இவ. சாயந்திரம் எல்லாரையும் இறக்கிட்டு வந்தா கடைசியா இறங்குறதும் இவதான்."

"ஏறி நின்னுக்கிட்டா வரப்போறா? உக்காந்துதானே?"

"ஒரு நாள் நீ வந்து உக்காந்து பாரேன்."

என்னையா சொல்கிறாய் என்று ஒரு நாள் கடைக்கு லீவு போட்டு ஏறினேன். இருட்டு விலகாத நேரம். முதல் நிறுத்தத்தில் ஒரு சின்னப் பெண் ஏறியது. ஒரு கையில் ஷூ, ஒரு கையில் ரொட்டி. உட்கார்ந்ததும் ரொட்டியைக் கடித்தது, கடித்தபடியே தூங்கிவிட்டது. அதற்கப்புறம் வேன் சந்து சந்தாக நுழைந்து, பின்னால் வந்து, திரும்பி, காத்திருந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு அம்மா சீப்போடு ஓடிவந்து, ஒரு அப்பா டிபன் பையை ஜன்னல் வழியாகத் திணித்து... கடைசிப் பிள்ளை ஏறியபோது முதல் பிள்ளையின் வாயில் அதே ரொட்டி அப்படியே இருந்தது. இரண்டு பிள்ளைகள் மடியில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதினார்கள்; எழுத்து வேனோடு சேர்ந்து குலுங்கியது. ஒன்று வாந்தி எடுத்தது. தம்பி வண்டியை ஓரமாக நிறுத்தி, ஈரத்துணியால் துடைத்து, ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி ஓட்டினான். பள்ளி வாசலில் இறங்கியபோது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"ஏன், நல்லாத்தான் இருந்துச்சு. காத்து வருது," என்றேன். நானும் அவனும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் பொய் சொல்லத் தெரியாத குறை எனக்குக் கிடையாது.

அவன் பெண்ணை அடுத்த தெருப் பள்ளியில் சேர்க்கப் பேர் கொடுத்துவிட்டு வந்தான். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, நடந்து போகட்டும். சாயந்திரம் தெருவில் விளையாடட்டும் என்றான். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

எங்கே முடிந்தது! வேனில் பிள்ளையை ஏற்ற வந்த ஒரு பேங்க் அதிகாரி, பேச்சுக்குக் கேட்பது மாதிரி, "உங்க பொண்ணு எங்க படிக்கப்போகுது டிரைவர்?" என்று கேட்டிருக்கிறார். வேறு எவனாக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பான். நம்ம அரிச்சந்திரன், "அடுத்த தெருவுல சார். இந்த வேன்ல இவ்வளவு நேரம் உக்காந்து வந்தா பிள்ளைங்க சோர்ந்துபோகுதுங்க. நான் தினமும் கண்ணாடியில பாக்குறேனே" என்று சொல்லியிருக்கிறான். அவர் பெற்ற பிள்ளையை வேனுக்குள் ஏற்றிக்கொண்டே.

அன்றைக்கே பெற்றோர்களுடைய போன் குழுவில் தீப்பிடித்துக்கொண்டது. சமையல்காரனே தான் சமைத்ததைச் சாப்பிடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஒருவர். வண்டியில் பிரேக் சரியில்லையோ என்று ஒருவர். வேறு வேன் பார்க்கலாம் என்று நாலு பேர். தம்பி பெண்டாட்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வேன் கடனில் வாங்கியது. நாலு பிள்ளை குறைந்தால் தவணை இடிக்கும்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா உனக்கு?" என்று நான் கத்தினேன்.

"கேட்டாரு, சொன்னேன்."

"கேட்டா? கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுவியா?"

பயந்தது போல் ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரக் கடைசிக்குள் பெற்றோர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பாவம், டிரைவருக்குப் பெரிய பள்ளியில் சேர்க்க வசதியில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தூரம், சோர்வு என்று ஏதோ சொல்கிறார். இது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. வேன் நல்ல வேன், பள்ளி நல்ல பள்ளி, அவர்கள் பிள்ளைகள் அயர்ந்து கிடப்பது படிப்பினால். கோபம் போய் இரக்கம் வந்தது. ஒரு அம்மா பழைய சீருடைகளைத் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பினாள். பேங்க் அதிகாரி பள்ளி நிர்வாகியிடமே போய்ப் பேசினார்.

நிர்வாகி அம்மா தம்பியை அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னாராம். இத்தனை வருடத்தில் அந்த அறையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நம்ம பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றவரோட பொண்ணு வேற ஸ்கூல்ல படிச்சா நமக்கு என்ன மரியாதை? அவளுக்குச் சம்பளமே வேண்டாம். நாளைக்கே சேர்த்துடுங்க."

"காசு பிரச்சினை இல்லீங்கம்மா. தூரந்தான். குழந்தை தாங்காது."

அந்த அம்மா நெகிழ்ந்துபோனாராம். "உங்க தன்மானம் எனக்குப் புரியுது," என்றாராம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாட்டேன் என்றால் திமிர் பிடித்தவன் என்று பேர் வரும். அப்புறம் பள்ளி வளாகத்துக்குள் வேன் நுழையுமா என்பது சந்தேகம். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். இலவசமாகப் பெரிய பள்ளி! யாருக்குக் கிடைக்கும்? நல்லது தானாக வாசலுக்கு வந்தால் அதைப் பார்த்து முகம் சுளிக்கிற ஜென்மம் என்று அவனைத் திட்டினேன். கடைசியில் அவன், "அவளையே கேப்போம். அவதானே போகணும்" என்றான்.

கேட்டோம். காலையில் எவ்வளவு சீக்கிரம் எழ வேண்டும், எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், திரும்பி வரும்போது தெருவில் விளையாட ஒரு பிள்ளையும் இருக்காது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். வாயாடி அன்றைக்கு அதிசயமாக முழுசும் கேட்டது. கேட்டுவிட்டு, "நான் எங்க உக்காருவேன்?" என்றது.

"முன்னாடி. என் பக்கத்து சீட்டுல."

"தினமுமா?"

"தினமும்."

"அப்ப அந்த ஸ்கூல்தான்," என்றது. நீச்சல் குளத்தைப் பற்றி அது கேட்கவேயில்லை.

முதல் சில வாரம் பார்க்க வேண்டுமே. எழுப்புவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். வேன் கிளம்பி முதல் நிறுத்தம் வருவதற்குள், அப்புறம் சாயந்திரம் கடைசிப் பிள்ளை இறங்கி வீடு வருகிறவரைக்கும், இருவரும் பேச்சோ பேச்சாம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத என் தம்பி, சின்ன வயதில் நான் அவனைக் கிணற்றடியில் வைத்து மொத்திய கதையெல்லாம் சொல்லியிருக்கிறான். அதுவும் விடாமல் மாடிக்கு வந்து, "ஏன் அத்தை எங்கப்பாவ அடிச்சீங்க?" என்று என்னிடம் நியாயம் கேட்டது. இதற்காகவாவது அந்தத் தூரம் தகும் என்று தம்பியே ஒரு நாள் சொன்னான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. டிரைவர் தன் சொந்த மகளையே அந்த வேனில்தான் கூட்டிவருகிறாராம். அதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்? வேறு வேன் பார்க்கலாம் என்ற நாலு பேரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். புதிதாக ஆறு பேர் கேட்டார்கள். தவணையை நினைத்துத் தம்பி பெண்டாட்டி எல்லோருக்கும் சரி சொல்லச் சொன்னாள். புதுப் பிள்ளைகள் என்றால் புதுச் சந்துகள். முதலில் ஏறுகிறவள் இன்னும் முன்னதாக ஏற வேண்டியதாயிற்று. கடைசியில் இறங்குகிறவள் இன்னும் தாமதமாக.

புதிதாக வந்ததில் ஒரு பையன், பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பான். அவன் அம்மா முன் சீட்டைக் கேட்டாள். "அது எம் பொண்ணு உக்கார்ற இடங்க," என்றிருக்கிறான் தம்பி.

"உங்க பொண்ணுதானே? எங்க உக்காந்தா என்ன? நாங்க காசு குடுக்குறோம் இல்ல?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் எங்கள் பெண் தானே இறங்கிப் பின்னால் போய்விட்டதாம். பின்னால் என்றால் கடைசி வரிசை. சக்கரத்துக்கு மேலே, பைகளுக்கு நடுவே. அந்தப் பையனும் நாங்கள் இருக்கிற பக்கமே குடியிருக்கிறான். ஆகவே முன் சீட்டு காலையிலும் சாயந்திரமும் கொஞ்ச நேரம்கூடக் காலியாக இருப்பதில்லை.

எங்கள் வாயாடி இப்போது பேசுவதில்லை. ஏறியதும் தூங்குகிறது. இறங்கியதும் சாப்பிட்டு மறுபடி தூங்குகிறது. மதிப்பெண் நன்றாகத்தான் வாங்குகிறது, அதில் குறை சொல்ல முடியாது. காலையில் பல் துலக்குகிற சத்தம் மட்டும்தான் எனக்குத் தனியாகக் கேட்கிறது.

போன வாரம் புதிதாக ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளையும் சேர்க்க வந்தார். வாசலில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "உங்க பொண்ணும் இதே வேன்லதான் வருதாமே?" என்றார்.

"வர்றா சார். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசி மூணு மாசமாச்சு."

அவர் தம்பியின் தோளைத் தட்டினார். "ரொம்ப நல்லது. வண்டி ஓட்டும்போது டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு பழக்கியிருக்கீங்க பாருங்க. இதுதான் பொறுப்பு." அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எழுப்பப் போனபோது அது போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. வெளியே தம்பி வேனைத் துடைக்கிற சத்தம். இரண்டு தடவை உலுக்கினேன், அசையவில்லை. எனக்கு என்னவோ பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "வேணாம்னா சொல்லுடி கண்ணு. அடுத்த தெரு ஸ்கூல்லயே மாத்திடலாம். யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்குறேன். நல்லாத் தூங்கலாம்" என்றேன். பொய்யில்லை, மனதாரத்தான் சொன்னேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டது: "அப்புறம் அப்பாவ எப்போ பாக்குறது?"

"இப்ப மட்டும் என்னடி பாக்குற? பின்னால உக்காந்து தூங்கிக்கிட்டுத்தானே வர்ற?"

"தூங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கண்ணாடியில தெரிவாரு அத்தை," என்று சொல்லிவிட்டு எழுந்து, தலை பின்ன எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.