கழுத்து முறிந்த டைனோசர்

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவின் கடைசி அறை அவளுடையது. வெளியே என்ன பலகை தொங்கினாலும், உள்ளே வந்துபோன பிள்ளைகளுக்கெல்லாம் அவள் ‘மாவுக்கட்டு அக்கா’தான். கை ஒடிந்து, அழுது முகம் வீங்கி வரும் பிள்ளையை மேசைமேல் உட்கார வைத்து, “எதுமேல இருந்து குதிச்ச? உண்மையைச் சொல்லு, உங்க அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்” என்று காதோடு காதாகக் கேட்பாள். அந்த அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். பிள்ளைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வரும். அதற்குள் இவள் கையில் பஞ்சைச் சுற்றி, மாவு ஏற்றிய கட்டுத்துணிச் சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கியதும் பிழிந்து, சுற்ற ஆரம்பித்திருப்பாள். தடவுவது உள்ளங்கையால்தான். விரல்நுனி அழுந்தினால் அந்தக் குழி அப்படியே காய்ந்து உள்ளே சதையைக் குத்தும் என்பதால், அவள் விரல்கள் எப்போதும் லேசாகப் பின்னால் வளைந்தே நிற்கும். வீட்டில் மகளுக்குத் தலை வாரும்போதுகூட அப்படித்தான்.

அவள் கணவன் மரச்சாமான் கடையில் வேன் ஓட்டுகிறவன். “பகல்ல அங்க மாவு, சாயங்காலம் இங்க மாவு. உன் கைக்குப் பவுடர் போடவே வேண்டாம்” என்று கிண்டல் செய்வான்.

மகளைப் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். ஏழாவது பிறந்தநாளுக்கு அந்தப் பட்டாணி கேட்டது மட்டும் சின்னதில்லை.

“எனக்கு டைனோசர் வேணும். நீளக் கழுத்து டைனோசர். நிஜமாவே பெருசா இருக்கணும்.”

“கடையில வாங்கித் தரேன்டா கண்ணு.”

“கடையில இருக்கிறது பூனை அளவுதான்மா இருக்கு. அப்பா அளவுக்கு வேணும்.”

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். “நானே போய் ஒரு ஓரமா நின்னுக்கட்டுமா?”

அன்று அவளுக்கு வேலையில் மனம் ஓடவில்லை. காலாவதியான கட்டுத்துணிச் சுருள்கள் ஒரு பெட்டி நிறைய மூலையில் கிடந்தன. நோயாளிக்குப் போட முடியாது, குப்பைக்குத்தான் போக வேண்டும். அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராகப் பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டாள். “எதுக்கும்மா இவ்வளவு?” என்றார் அவர். “ஒரு டைனோசருக்கு சார்” என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “எடுத்துட்டுப் போங்க” என்றார். திரும்பி வரும்போது அவளுக்கு நடை நடையாக இல்லை, ஓட்டமும் துள்ளலுமாக இருந்தது.

எலும்புக்கூட்டைச் செய்து தருகிறேன் என்று முன்வந்தவன் அவள் தம்பி. கிரில் பட்டறை வைத்திருக்கிறவன். வாழ்நாளில் நேர்கோட்டைத் தவிர வேறெதையும் வளைத்ததில்லை. அவன் கம்பியையும் வலையையும் பற்றவைத்துத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கியதும் பட்டாணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“மாமா, இது ஜன்னல் மாதிரி இருக்கு.”

“இருடி, உங்கம்மா சதை வைக்கட்டும். அப்புறம் பேசு.”

அந்த வாரம் முழுக்க வீடு வீடாகவே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, பசை கரைத்து, காகித உருண்டைகளால் வயிற்றை நிரப்பினார்கள். அதன்மேல் அவள் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே போனாள். பட்டாணி தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, “குமிழி நின்னுடுச்சு, எடு! எடு!” என்று கத்துவாள். ஜன்னல் மாதிரி இருந்தது மெல்ல முதுகாகி, தொடையாகி, வாலாகியது. பச்சை வண்ணம் பூசி, முட்டை அட்டையை வெட்டி முதுகில் முள் வரிசை ஒட்டினார்கள். இரண்டு பாட்டில் மூடிகள் கண்களாயின. சோபாவில் உட்கார இடமில்லாமல் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது மேலிருந்து அவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

தின்பண்டம் கணவன் பொறுப்பு. தானாகவே ஏற்றுக்கொண்டான். கேக் தூளையும் பாலையும் சேர்த்து உருட்டி, உருக்கிய வெள்ளை சாக்லேட்டில் முக்கி, டைனோசர் முட்டை செய்வதாகத் திட்டம். முதல் ஈடு தட்டில் பரந்து படுத்துவிட்டது.

“என்னங்க இது?”

“முட்டைதான்.”

“கூமுட்டையால்ல இருக்கு!”

அவன் விடவில்லை. உருண்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்து இறுக்கிய பிறகே சாக்லேட்டில் முக்க வேண்டும் என்று கண்டுபிடித்தான். பழைய பல் தேய்க்கும் பிரஷ் வேண்டாம் என்று அவள் சண்டை போட்டதால் புதியதொன்று வாங்கி, கோகோ தண்ணீரில் தொட்டுத் தெறித்து முட்டைகளுக்குப் புள்ளி வைத்தான். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கலர் மிட்டாய். பிஸ்கட்டில் மூன்று விரல் காலடித் தடம் பதித்தான். பெரிய கேக்கைக் குன்றுபோல் அடுக்கி, நடுவில் குடைந்து, எரிமலை ஆக்கினான். வேனில் பீரோவைக் கட்டுகிற அதே மூச்சடக்கிய முகத்தோடு அவன் கிரீம் பிழிவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை.

பிறந்தநாளும் வந்தது. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த பொதுக் கூடம் அன்று மதியம்தான் கைக்குக் கிடைத்தது. மூன்றாம் மாடியிலிருந்து டைனோசரை இறக்க வேண்டும்.

“நான் பாத்துக்கறேன்” என்றான் கணவன். “எத்தனை பீரோவை எத்தனை மாடிப்படியில இறக்கியிருப்பேன்! இது என்ன பிரமாதம்?”

“அத்தான், பீரோவுக்குக் கழுத்து கிடையாது” என்றான் தம்பி.

முதல் இரண்டு தளம் நன்றாகத்தான் போனது. கீழே பிள்ளைகள் வந்து சேர்ந்த சத்தம் படிக்கட்டில் ஏறிவந்தது. கடைசித் திருப்பத்தில் முன்னால் பிடித்திருந்த கணவன் “இடது பக்கம்” என்றான். பின்னால் பிடித்திருந்த தம்பி தன்னுடைய இடது பக்கம் திருப்பினான். கழுத்து கைப்பிடிச் சுவரில் மோதியது.

பக்கத்துக் கடைவரை கேட்டிருக்கும், அப்படியொரு சத்தம். உள்ளே பற்றவைத்த இடம் விட்டுப்போய், கழுத்து பாதியில் மடங்கி, தலை நெஞ்சில் தொங்கியது. வெள்ளைத் தூள் படிகளில் கொட்டியது.

“நான் இடதுன்னுதானே சொன்னேன்!”

“யாரோட இடது?”

அவள் இரண்டு படி மேலே நின்றிருந்தாள். தினமும் எத்தனையோ முறிவைப் பார்க்கிறவள்தான். ஒருநாளும் தயங்கியதில்லை. இப்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கீழே கூடத்து வாசலில் பிள்ளைகள் கும்பலாக நின்று அண்ணாந்து பார்த்தன. நடுவில் பட்டாணி, காகிதக் கிரீடத்தோடு. எல்லா முகங்களும் பட்டாணியைத் திரும்பிப் பார்த்தன, அழப்போகிறாள் என்று.

பட்டாணி அழவில்லை. படியேறி வந்து டைனோசரின் தொங்கிய தலையைத் தடவினாள்.

“அம்மா, எலும்பு முறிஞ்சுடுச்சு. பேஷன்ட்டைப் படிக்கட்டுல வெச்சுட்டு மாமாவும் அப்பாவும் சண்டை போடுறாங்க. நீ வர மாட்டியா?”

அதைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்தோ உயிர் திரும்பிவந்தது. சட்டென்று தலைமுடியை இறுக்கி முடிந்தாள். “எல்லாரும் வழி விடுங்க! சீரியஸ் கேஸ்!” என்று ஆஸ்பத்திரிக் குரலில் கத்தினாள். பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. “நீங்க மூணு பேரும் வாலைப் பிடிங்க. நீ தலையைத் தாங்கு, ஆட்டாதே. யாராவது சைரன் போடுங்கப்பா!”

அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சைரன் ஆனார்கள். அந்த ஊளையோடு டைனோசர் கூடத்துக்குள் போய், தின்பண்டத்துக்குப் போட்டிருந்த நீள மேசையில் படுத்தது. தட்டுகளோடு கணவன் ஓரமாக ஒதுங்கினான். மீதியிருந்த சுருள்களை எடுத்துவரத் தம்பி படிகளைத் தாவித் தாவி ஏறினான். கையோடு இரண்டு கம்பித் துண்டும் கொண்டுவந்து, முறிந்த இடத்தில் வைத்து இறுக்கிக் கட்டினான்.

காகிதத் தட்டுகளில் துளையிட்டு நூல் கோத்து முகமூடி செய்வதுதான் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த வேலை. இப்போது அது டாக்டர் முகமூடி ஆனது. சிலர் வண்ணப் பேனாவால் பல் வரைந்தார்கள், சிலர் மீசை வரைந்தார்கள். அவள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு கட்டுத்துணியைக் கொடுத்தாள்.

“முக்கு. குமிழி நிக்கட்டும். இப்போ பிழி. விரல் நுனி வேண்டாம், உள்ளங்கை, உள்ளங்கை! அதுக்கு வலிக்கும்ல?”

“வலிக்குமா அக்கா?”

“கேட்டுப் பாரு.”

சுவரோரம் ஒரு சிறுமி மட்டும் நகராமல் நின்றாள். அவள் வலதுகையில் முழங்கைக்குமேல்வரை கட்டு இருந்தது. போன வாரம் அந்தக் கட்டைப் போட்டதே மாவுக்கட்டு அக்காதான். ஒற்றைக் கையால் எதுவும் செய்ய முடியாது, வர மாட்டேன் என்று அடம்பிடித்தவளை அவளுடைய அப்பா தூக்கிக்கொண்டு வந்து விட்டிருந்தார்.

“இங்க யாருக்காவது மாவுக்கட்டு போட்டா எப்படி இருக்கும்னு தெரியுமா?” என்று கேட்டாள் மாவுக்கட்டு அக்கா, மேசையிலிருந்து நிமிராமல்.

“எனக்குத் தெரியும்” என்றது சுவரோரக் குரல்.

“அப்போ வந்து இதுக்குச் சொல்லு. பயந்துபோய்ப் படுத்திருக்கு பாரு.”

சிறுமி வந்து டைனோசரின் காது இருக்க வேண்டிய இடத்தில் குனிந்தாள். “பயப்படாதே. முதல்ல ஈரமா இருக்கும். அப்புறம் அரிக்கும். குச்சி விட்டுச் சொறியக் கூடாது, திட்டுவாங்க. குளிக்க வேண்டாம், அது ஜாலி.” சுற்றி நின்றவர்கள் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். குளிக்க வேண்டாம் என்றதும் இரண்டு பேர் தங்களுக்கும் கட்டுப் போடச்சொல்லிக் கையை நீட்டினார்கள்.

சுற்றி முடித்ததும், இறுகும்வரை கழுத்தை அசையாமல் பிடிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளங்கைகளை அதன்மேல் வைத்தார்கள். கட்டுப்போட்ட சிறுமியும் இடதுகையை வைத்தாள். கூடமே மூச்சுவிடாமல் நின்றது.

திடீரென்று ஒரு பையன் கையை எடுத்துவிட்டு அலறினான். “அக்கா! சூடாகுது!”

“ஆமா, சூடாகுது! எனக்கும் தெரியுது!”

“உயிர் வந்துடுச்சு! டைனோசருக்கு உயிர் வந்துடுச்சு!”

காயும்போது மாவுக்கட்டு சூடாகும். அவளுக்கு அது தினசரிச் சங்கதி, சொல்லிவைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. “கையை எடுக்காதீங்க, நிஜமாவே சூடாகும், எனக்கும் ஆச்சு!” என்று அந்தச் சிறுமி எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். பட்டாணி கிரீடம் சரிந்து காதில் தொங்க, “அம்மா, நீ அதைப் பொழைக்க வெச்சுட்டே!” என்று குதித்தாள். கத்தலிலும் குதியிலும் கூடத்துத் தோரணங்கள் ஆடின. தம்பி வாயைப் பிளந்து நின்றான். பற்றவைக்கிறவனுக்குச் சூடு புதிதா? ஆனாலும் அவனும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

டைனோசரை நிமிர்த்தி நிறுத்தியபோது கழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. யாரோ கூப்பிட்டதுபோல் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தது. முன்னிருந்ததைவிட இதுதான் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். வெள்ளைக் கட்டின்மேல் பிள்ளைகள் பூவும் நட்சத்திரமும் தங்கள் பெயரும் வரைந்தார்கள், ஒருவன் தன் சைக்கிளைக்கூட வரைந்தான்.

பிறகு கணவனின் முறை. எரிமலையின் வாயில் சூடான பழப்பாகை ஊற்றினான். அது நான்கு பக்கமும் வழிய வேண்டும் என்பது திட்டம். பாகு ஒரே பக்கமாக உடைத்துக்கொண்டு, மேசை விளிம்பைத் தாண்டி, மச்சானின் சட்டையில் இறங்கியது.

“எந்தப் பக்கம் வரும்னு சொல்லியிருக்கலாம்ல, அத்தான்!”

“இடதுன்னு சொன்னா உனக்குப் புரியவா போகுது?”

பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல எரிமலை வேறென்ன வேண்டும்? முட்டைகளைக் கடித்து, உள்ளே என்ன கலர் என்று நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். காலடி பிஸ்கட்டுகள் தட்டிலிருந்து ஓடியே போயின. கட்டுப்போட்ட சிறுமியை அழைத்துப்போக அவள் அப்பா வந்தபோது, “இன்னும் ரவுண்ட்ஸ் முடியலப்பா” என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

டைனோசரை மறுபடியும் மூன்றாம் மாடிக்கு ஏற்ற யாருக்கும் தைரியமில்லை. இரண்டு நாள் கழித்து, பெரிய டாக்டரிடம் மறுபடியும் ஒரு தடவை கேட்டுவிட்டு, கணவனின் வேனில் ஏற்றி அதை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். சக்கர நாற்காலிக்கு வழி மறிக்காமல் இருந்தால் போதும் என்றார் அவர். வராந்தாவில், கடைசி அறைக்கு எதிரே, பார்க்கிறவர்களையெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டு அது நிற்கிறது.

இப்போதெல்லாம் வெளியே காத்திருக்கும் பிள்ளைகளின் அழுகை பாதியில் நின்றுவிடுகிறது. அது ஒட்டகச்சிவிங்கியா டைனோசரா என்று கை ஒடிந்த ஒருவனும் கால் ஒடிந்த ஒருத்தியும் ஒருநாள் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கையெல்லாம் மாவோடு வேலையில் இருந்த அவளுக்குப் பொறுக்கவில்லை. கதவை முழங்கையால் தள்ளித் தலையை நீட்டினாள்.

“டைனோசர்தான்! யாராவது ஒட்டகச்சிவிங்கின்னு சொன்னீங்க, மாவுக்கட்டை வாய்க்குப் போட்டுடுவேன்!”