இந்த அறையைத் தாண்டாது

அக்காவின் வேலையைப் பறித்தது எங்கள் மேனேஜர்தான். அதை நான் எங்கும் சொல்வேன்.

ஒத்தக்கடை பக்கம் எங்கள் அலுவலகம். மருத்துவமனைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்கிறோம். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், அதைச் சோதித்துப் பிழை சொல்பவர். உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, இனி எல்லாம் அஜைல் என்றார். வேலையைச் சின்னத் துண்டுகளாக்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடித்துக் காட்டி, தப்பை அப்போதைக்கப்போதே திருத்திக்கொள்ளும் முறை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

காலையில் எல்லோரும் நின்றுகொண்டு பேச வேண்டும், அப்போதுதான் பேச்சு நீளாது என்றார். நாங்கள் நின்றோம். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று ஆளுக்கொரு எண் அட்டையை ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். நாங்கள் அண்ணே என்று கூப்பிடும் மூத்த புரோகிராமர் எதைத் தூக்குகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அதையே தூக்கினோம். அவர் ஐந்து, நாங்களும் ஐந்து. அக்கா மட்டும் பதிமூன்று.

"என்னக்கா, அண்ணே அஞ்சுங்குறாரு, நீங்க இம்புட்டு ஏத்துறீங்க?" என்றேன்.

"உங்க அண்ணே மொகத்தப் பாத்து அட்டை தூக்க, இது என்ன மொய் வைக்கிற எடமாடா?"

அண்ணேயே சிரித்துவிட்டார்.

இரண்டு வாரம் முடிந்ததும் குறைகளைப் பேச ஒரு கூட்டம். "இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. மனசுல உள்ளதச் சொல்லுங்க" என்றார் மேனேஜர். எல்லாம் நல்லாப் போகுது சார் என்று வரிசையாகச் சொன்னோம். டீக்கடையில் அவரைக் கிழித்துத் தொங்கப்போடும் அதே வாய்கள். கதவு சாத்தியதும் அந்த வாய்களுக்கு என்ன ஆகிறது? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அக்காவின் முறை வந்தது. "சார், கஸ்டமர்கிட்ட தேதியச் சொல்லிட்டு வந்துட்டு, எம்புட்டு நாளாகும்னு எங்ககிட்ட கேக்குறீங்க. எதுக்கு சார் கேக்குறீங்க?"

மேனேஜர் கை தட்டினார். இப்படித்தான் பேச வேண்டும் என்று பாராட்டினார். அது நடிப்பா, அந்த நேரத்து நிஜமா? இதையும் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆண்டு மதிப்பீட்டில், குழுவோடு ஒத்துப்போகாதவர் என்று எழுதி அக்காவை அனுப்பிவிட்டார்.

பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். "ஏங்க்கா வாயத் தொறந்தீங்க?"

"கேட்டாருல்ல தம்பி. அதான் சொன்னேன்."

அவர் வீட்டில் அந்தச் சம்பளம் ஒன்றுதான். இன்னும் வேறு வேலை அமையவில்லை.

நேற்றைய கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த பெண்ணிடமும் மேனேஜர் அதையே சொன்னார்: மனசுல உள்ளதச் சொல்லும்மா. அவள் வாயெடுத்தாள். அண்ணே முழங்கையால் இடித்தார். அவள் முழித்துவிட்டு, எல்லாம் நல்லாப் போகுது சார் என்றாள். முறையை மாற்றிவிட்டோம் என்று நீங்கள் சொல்லிக்கொள்வது இதைத்தானா, மேனேஜர் சார்?

அக்கா சொன்னதில் எது பொய்? பொய் இல்லையென்றால் அவரை ஏன் அனுப்பினீர்கள்? என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை மொத்த அலுவலகமும் கூடும். அங்கே, அந்தப் பெண்ணின் காதில் விழும்படி சொல்லுங்கள்.