காது மிஷின் தொலையவில்லை

என் மனைவி கோமதியின் காது மிஷினை ஒளித்து வைத்தவன் நான்தான். ஏழு வருடமாக அது என் பீரோவில், பழைய வேட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது!

செல்லூரில் எங்களுக்கு நான்கு விசைத்தறிகள். நூல் வாங்க, துணி விற்க என்று நான் வெளியே திரிந்தேன். முப்பது வருடம் அந்தத் தடதடப்புக்குள் நின்றவள் அவள். காது போனதும் அவளுக்குத்தான். சென்னையிலிருந்து வந்த மகன்தான் மிஷின் வாங்கிக் கொடுத்தான்.

மறுவாரம் அக்காவிடம் போனில், "இந்தச் செவிட்டு மூதியோட மாரடிக்க முடியலக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால், காதில் மிஷினோடு கோமதி!

"என்னையவாங்க சொன்னீக?"

அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு வெட்கம் வரவில்லை... கோபம் வந்தது. அன்றே ஒளித்தேன்.

மூன்று நாள் தேடினாள். அரிசிப் பானைக்குள்கூடக் கை விட்டுத் துழாவினாள். "தொலைச்சிட்டேங்க... திட்டாதீக" என்று அழுதவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். புதிது வாங்குகிறேன் என்ற மகனையும், "அதையும் தொலைப்பாடா" என்று தடுத்துவிட்டேன்.

பிறகு வீடு எனக்கு வசதியாக இருந்தது. அவளோடு யாரும் பேசவில்லை. அவளும் பேச்சைக் குறைத்தாள். என்னைப் போல் ஒரு அற்பனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

போன மாதம் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் நின்றாள். ஸ்கேன் எடுத்தார்கள். மூளை சுருங்கியிருக்கிறதாம். டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரஷர்? சர்க்கரை? தலையில் அடி? இல்லை, இல்லை, இல்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"காது எம்புட்டு வருசமாக் கேக்கல? மிஷின் போடலயா?"

"தொலைச்சிட்டா டாக்டர்."

அப்போதும் பழியை அவள்மேல்தான் போட்டேன்!

"அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாதுங்கய்யா, வயசும் இருக்கு. ஆனா காதும் கேக்காம, பேச ஆளும் இல்லாமப் போனா, மூளை இன்னும் வேகமாச் சுருங்கலாம்."

முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். இரண்டாம் பாதி விடவில்லை...

நேற்று புது பேட்டரி போட்டு, மிஷினை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். காதில் மாட்டப் போனால் கையைத் தட்டிவிட்டாள். உள்ளங்கையில் வைத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"யாரோடதுங்க இது? பாவம், தேடுவாக. வீட்ல திட்டு வாங்குவாக. கொண்டுபோய்க் குடுத்துருங்க."

சரி என்று தலையாட்டி வாங்கிக்கொண்டேன். மறுபடியும் பீரோவில்தான் வைத்திருக்கிறேன்.