எண்ணிக்கையில் ஒன்று கூடுதல்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் செய்தி வந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஃபோனில் தியப் அக்கா. அண்ணன் வீட்டுக்கு எதிரே பன்றி இறைச்சி சுட்டு விற்பவள்.

"டீச்சரம்மா, உங்க அண்ணன் இன்னைக்கு பிக்குங்களுக்குச் சோறு போட வெளிய வரல. அவங்க வாசல்ல கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல, உள்ள போய்ப் பாத்தேன்…"

நான் அடுப்பை அணைத்தேன்.

அண்ணன் பிரயூன் வாசலைப் பார்த்துப் போட்டிருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அதற்குள் அவருடைய கவுண்ட்டர் இருந்தது. ஒரு அழுத்தலுக்கு ஒரு எண் ஏறும் இரும்புக் கருவி. பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திருப்பினால் எல்லாம் பூஜ்யமாகிவிடும். ஒவ்வொரு சினிமாக் காட்சி முடிந்ததும் அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அண்ணன் சாப்பிட உட்காருவார். வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆன பிறகும் அதைப் பூஜ்யமாகத்தான் வைத்திருந்தார்.

அன்று அதில் 'ஒன்று' நின்றது.

இந்த ஊரில், நக்கோன் சவானில், படக் கம்பெனிகள் நிறைய இருந்த காலம் ஒன்று உண்டு. பாங்காக்கில் எடுக்கும் படத்தை மொத்தமாக விலை பேசி வாங்கிவந்து, சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் ஓட்டுவார்கள். தியேட்டர்காரன் கள்ளக்கணக்கு காட்டாமல் இருக்கக் கம்பெனி ஒரு ஆளை அனுப்பும். செக்கர் என்பார்கள். அண்ணன் அந்த வேலையில் இருந்தார். வாசலில் டிக்கெட் கிழிப்பவனுக்குப் பக்கத்தில், சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு, யாரோ நண்பனுக்காகக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். கட்டைவிரல் மட்டும் உள்ளே வேலை செய்யும். டிக்கெட் கிழித்தால் இடுப்பில் இருக்கும் குழந்தையும் ஒன்று. பிக்குவும் ஒன்று. ஒரே ஆள் ஒரே படத்துக்கு ஆறு தடவை வந்தால் ஆறு.

அவர் மனைவி தோங்பை அண்ணிதான் படத்தின் குரல். அப்போதைய படச்சுருள்களில் சத்தம் கிடையாது. மைக் முன்னால் ஒருவர் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் பேச வேண்டும். அண்ணி கதாநாயகிக்கும் பேசுவாள், அவளுடைய மாமியாருக்கும் பேசுவாள், குரைக்கிற நாய்க்கும் குரல் கொடுப்பாள். கூட்டமெல்லாம் உள்ளே போய் விளக்கு அணைந்த பிறகு, இஞ்சித் தண்ணீர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக வாசலைத் தாண்டுவாள். கல்லூரி விடுமுறையில் நானும் அவர்களோடு வேனில் போயிருக்கிறேன். அந்த வாசல் சண்டையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

"அம்மா, டிக்கெட் எங்க?"

"என் மூஞ்சியைப் பாரு, அதுதான் டிக்கெட். என்னையும் ஒரு அழுத்து அழுத்தேன்."

"வேலைக்காரங்க கணக்குல வரமாட்டாங்க."

"நான் இல்லேன்னா உன் படம் ஊமை. அந்த ஊமைப் படத்துக்கு யாரு வர்றான்னு பாக்கலாம். ஒண்ணே ஒண்ணு அழுத்து, கஞ்சப் பயலே. உன் அப்பன் வீட்டுச் சொத்தா போயிடும்?"

"பொய்க் கணக்கு எழுதினா கம்பெனிக்காரன் என்னைத்தான் அழுத்துவான். போ, ரீல் ஓட ஆரம்பிச்சாச்சு."

அவர் ஒரு நாளும் அழுத்தியதில்லை.

'இரு கரைக்கும் ஒரு படகு' வந்த இரண்டாவது வருடமும் படம் ஓய்ந்தபாடில்லை. படகோட்டியின் மகள் ஆற்றில் போனவனுக்காகக் காத்திருக்கும் கதை. வயல் வேலை முடிந்த ஊர்களிலிருந்து மாட்டு வண்டியில் வந்து பார்த்தார்கள். ஒரு மழை மாதத்தில், சும்சேங் ஊரில் மாலைக் காட்சிக்குக் கூட்டம் முழுக்க உள்ளே போய்விட்டது. அண்ணன் முன்னதாகவே ரயிலில் வந்து வாசலில் நின்றிருந்தார். அண்ணி பின்னால் வேனில் வர வேண்டும். வரவில்லை. தியேட்டர்காரர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எப்படியும் வந்துவிடுவாள் என்று படத்தைப் போட்டுவிட்டார். படம் ஊமையாக ஓடியது. அத்தனை கூட்டமும் எழுந்திருக்காமல் கடைசிவரை பார்த்தது. காசைத் திருப்பிக் கொடு என்று ஒருவரும் கேட்கவில்லை. வேன் பாலத்திலிருந்து விழுந்த செய்தி படம் முடிகிற நேரத்தில்தான் வாசலுக்கு வந்தது.

அண்ணன் அழுது நான் பார்க்கவில்லை. பதினைந்து நாளில் வேலைக்குத் திரும்பினார். வேறொரு பெண் குரல் கொடுத்தாள், படம் ஓடியது. அப்போதுதான் அது தொடங்கியது. ஒவ்வொரு காட்சிக்கும் கிழித்த டிக்கெட்டைவிட அண்ணன் கணக்கில் ஒன்று கூடுதல். விளக்கு அணைந்து வாசல் காலியான பிறகு, கடைசியாக ஒரு தடவை கட்டைவிரல் அழுந்தும். தியேட்டர்காரர்கள் முதலில் சண்டை போட்டார்கள், பிறகு கேலி செய்தார்கள்.

"என்ன பிரயூன், பேய்க்கும் நாங்க காசு கட்டணுமா? எந்த வரிசையில உக்காருதாம்? பெஞ்சா, சேரா?"

"ஒண்ணு உள்ள போச்சு. நான் பாத்தேன்."

கம்பெனி அந்த ஒரு டிக்கெட் காசை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அவரும் மறுக்கவில்லை.

நிஜமாகவே பார்த்தாரா? நான் கணக்கு டீச்சர். ஒரு தடவை கேட்டதற்கு, "நீ உன் பிள்ளைங்க பேப்பரைத் திருத்து" என்று சொல்லிவிட்டார்.

சென்ற மாதம் பாங்காக்கிலிருந்து கிட்டி என்ற பையன் வந்தான். எல்லாக் காலத்துப் படங்களையும் ஒரே தராசில் வைத்து, அதிகம் பேர் பார்த்த படம் எது என்று பட்டியல் போடுகிற ஒரு சிறு குழுவில் இருக்கிறான். அண்ணன் வீட்டில் நானும் இருந்தேன்.

"பெரியப்பா, அன்னைக்கு டிக்கெட் விலை அஞ்சு பாட். இன்னைக்கு மால்ல இருநூத்து நாப்பது. வசூலை மட்டும் வச்சுப் பாத்தா புதுப்படம்தான் எப்பவும் ஜெயிக்கும்."

"அதான் சொல்றேன், தலையக் கேளு. காசு வீங்கும். தலை வீங்காது."

"தலைக்கணக்கு பாங்காக்கில மட்டும்தான் இருக்கு. வெளியூருக்கெல்லாம் மொத்தமா வித்துட்டதால, இங்க எத்தனை பேர் பாத்தாங்கன்னு அங்க யாருக்கும் தெரியாது. உங்க படம் பட்டியல்லயே இல்ல."

அண்ணன் எழுந்து உள்ளே போய், கம்பெனிக்கு அனுப்பிய அறிக்கைகளின் நகல்களை ஒரு பிஸ்கட் டின்னோடு கொண்டுவந்து வைத்தார். கிட்டி அன்று மதியம் முழுக்கக் கூட்டினான். முடிவில் நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"பெரியப்பா, இது நிஜம்னா, முதல் மூணு இடத்துக்குள்ள வரும்."

அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் கூடுதல் ஒன்றைப் பற்றி அவரே சொன்னார். நான் தடுத்திருக்கலாம். தடுத்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்.

கிட்டி பேனாவைக் கீழே வைத்தான். "அப்ப பெரியம்மா போனதுக்கு அப்புறம் எத்தனை காட்சியோ, அத்தனையைக் கழிச்சிடலாம். இடம் மாறாது. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"கழிச்சா உன் கணக்கு சரியாகும். அப்ப நான் எழுதினது பொய்யின்னு ஆகுதே."

"கழிக்காம, இதுல இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க, பெரியப்பா. பேயை எண்ணின செக்கர்னு சிரிப்பாங்க. படமும் போயிடும்."

அண்ணி குரல் எந்த நாடாவிலும் பதிவாகவில்லை. அவளை ஒரு ஃபோட்டோ கூட நல்லதாக எடுத்து வைக்கவில்லை. அவள் பேசிய படம் பட்டியலில் ஒரு வரியாக நின்றால், அவள் இந்த உலகில் இருந்ததற்கு அதுதான் மிச்சம். அண்ணனுக்கு அது தெரியும். வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வா. முடிவா ஒரு நம்பர் சொல்றேன்."

வியாழக்கிழமை போய்விட்டார்.

இங்கத்து வழக்கப்படி புத்த கோயிலில் கிடத்தி, அவர் கைக்கு வாசனைத் தண்ணீர் ஊற்றும்போது அந்தக் கட்டைவிரலைப் பார்த்தேன். நுனி மரக்கட்டை மாதிரி இருந்தது. தண்ணீர் அதன்மேல் தங்காமல் வழிந்தது.

எரியூட்டுவதற்கு முந்தின மாலை படம் போட்டோம். சாவுக்குப் படம் போடுவது இங்கே வழக்கம்தான். ஆனால் சண்டைப் படம் வேண்டாம் என்று திறந்தவெளிப் படக்காரர் சித் அண்ணன் ஒரு பழைய சுருளைக் கொண்டுவந்தார். 'இரு கரைக்கும் ஒரு படகு'. நிறம் முழுக்கச் சிவந்துபோயிருந்தது.

"குரல் கொடுக்க யாரும் இல்லையே அண்ணே?"

"இல்ல. ஊமையா ஓடட்டும், டீச்சர். அவ வராத அன்னைக்கும் அப்படித்தானே ஓடிச்சு."

கோயில் வாசலில் நான் மேசை போட்டு, வந்தவர்களுக்கு நினைவுப் பொருளாக, மூக்கில் உறிஞ்சும் தைலக்குப்பி ஆளுக்கொன்று கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டிய கிட்டி சனிக்கிழமையே வந்திருந்தான். கறுப்புச் சட்டை, இரவல் வாங்கியது போலத் தொளதொளவென்று. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"பெரியப்பாவோட கவுண்ட்டரை நான் பிடிச்சுக்கட்டுமா?"

கொடுத்தேன். அவன் என் பக்கத்தில் நின்று அழுத்திக்கொண்டே இருந்தான். தொடக்கத்தில் ஒவ்வொரு ஆளையும் குனிந்து பார்த்தான். போகப்போகப் பார்க்காமலே விரல் போயிற்று.

படம் ஓடியது. பின்னால் குளத்துத் தவளைகள் தவிர வேறு சத்தமில்லை. சிவப்பு ஆற்றில் சிவப்புப் படகு. படகோட்டியின் மகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் முன்வரிசைக் கிழவிகளின் உதடுகளும் அசைந்தன. யாரும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கினார்கள். மிச்சமிருந்த குப்பிகளை எண்ணி, கொடுத்தது எவ்வளவு என்று சொன்னேன். கிட்டி கவுண்ட்டரை விளக்கடியில் பிடித்தான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"டீச்சர். ஒண்ணு கூட வருது."

"நீ திருகைத் திருப்பிட்டுத் தொடங்கினியா?"

"எந்தத் திருகு?"

காட்டினேன். அண்ணன் போனபோது அதில் ஒன்று நின்றதையும் சொன்னேன். கணக்கு அவ்வளவுதான், அதில் மர்மம் எதுவுமில்லை. அவனுக்கும் மூச்சு வந்தது.

"அப்ப இதுல ஒண்ணைக் கழிக்கணும்."

"கழிச்சுக்கோ."

அவன் கழிக்கவில்லை. கவுண்ட்டரைக் கையில் வைத்தபடி காலியான வாசலைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

"அவர் வீட்டு வாசல்ல, அன்னைக்குக் காலைல… யாரைப் பாத்து அழுத்தினார் டீச்சர்?"

நான் மிச்சக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

"நான் எப்படி இதைக் கழிக்கிறது?" என்றான். பிறகு, "டின்ல இருக்கிற மொத்தத்தையும் அப்படியே எடுத்துக்கிறேன். உள்ள என்ன இருக்குன்னு அடியில எழுதிடறேன். தூக்கிப் போட்டா போடட்டும்."

நான் தலையசைத்தேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும் என்று அப்போது தோன்றியது. இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

பட்டியல் போன வாரம் வந்தது. குழுவினர் ஒரேயடியாகத் தூக்கிப் போடவில்லை. பெரிய பட்டியலில் சேர்க்கவும் இல்லை. 'சரிபார்க்க இயலாத வெளியூர்க் கணக்குகள்' என்று கடைசியில் ஒரு தனிப்பக்கம். அதில் நம் படம் முதலில் நிற்கிறது. அடியில் சின்ன எழுத்தில் கிட்டியின் குறிப்பு. எண்ணியவர் பெயர் பிரயூன் என்றும், அண்ணியின் மறைவுக்குப் பிந்தைய காட்சிகளில், ஒவ்வொன்றிலும் கூடுதலாக உள்ள ஒருவர் பெயர் தோங்பை என்றும் இருக்கிறது.

கவுண்ட்டர் இப்போது என் மேசைமேல், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. காட்சி முடிந்ததும் திருகைத் திருப்பிப் பூஜ்யமாக்க வேண்டும். இன்னும் திருப்பவில்லை.