கொட்டையோடு ஒரு முந்திரிப்பழம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்து பெருமுக்கல் அருகே பஞ்சராகி நிற்கிறது. நான்காம் வகுப்பு படிக்கும் மகளின் ப்ராஜெக்ட்டுக்காக, பேரிக்காய் வடிவத்தில் எதைக் கண்டாலும் படம் எடுத்துக்கொண்டு வருகிறேன். கொய்யாவும் சுரைக்காயும் ஆயிற்று. கண்டக்டரின் வயிற்றைத்தான் கேட்காமல் எடுக்கத் தைரியம் வரவில்லை.

புளியமரத்தடியில் ஓர் அம்மா முந்திரிப்பழம் விற்கிறார். அச்சு அசல் பேரிக்காய். ஆனால் ஒவ்வொரு பழத்தின் நுனியிலும் தொங்கும் கொட்டையைத் திருகிச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் பழத்தைக் கூறு வைக்கிறார். முந்திரிப்பருப்பின் விலை தெரியாத ஆளா நான்?

“கொட்டையோட ஒண்ணு குடுங்கம்மா.”

“பழத்த மட்டும் துன்னுங்க சார். பச்சக் கொட்டையில பாலு இருக்குது. வாயி வெந்துபூடும்.”

விற்கிற சரக்கைக் காப்பாற்ற என் வாய்மீது எத்தனை அக்கறை. வாங்கிப் படம் எடுத்த கையோடு கொட்டையைப் பல்லால் உடைக்கிறேன். வாங்கிய தாவரவியல் பட்டம் வீண்போகக் கூடாதல்லவா.

உதடு தீயாய் எரிகிறது. கொட்டை திருகும் விரல்களுக்கென்று வைத்திருக்கும் தேங்காய் எண்ணெயை அந்த அம்மா நிதானமாக நீட்டுகிறார்.

“தடவிக்கினே இருங்க. நேத்தும் ஒரு சார் படம் புடிச்சிக்கினே கடிச்சாரு.”

மாற்று டயர் வருவதற்குள் கீழுதடும் தாடையும் வீங்கிவிட்டன. எடுத்த படத்தைக் காட்டலாமென்று மகளை வீடியோ காலில் அழைக்கிறேன். அவள் என் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள்.

“அப்பா, ஆடாம இருங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கறேன்.”