தலையணை வயிற்று அரக்கன்

ஷார்ஜாவில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுகிறோம். குழந்தைகளுக்கான ராஜா ராணி, அரக்கன், பேசும் ஆடு வகைக் கதைதான். மேடையில் நாங்கள் வாயைத் திறப்போம், ஆனால் பேசுவதில்லை. வசனம் முழுவதும் முன்கூட்டியே பதிவாகி லேப்டாப்பில் இருக்கும். அது ஓட ஓட நாங்கள் வாயசைத்து, கையை ஆட்டி, கண்ணை உருட்ட வேண்டும்.

ஊரிலிருந்து விசிட் விசாவில் வருகிறவர்கள் இதைக் கேட்டதும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையை ‘மழை’ என்று சரியாகச் சொல்ல வைக்க நாங்கள் படும் பாட்டை வந்து பார்க்க வேண்டும். பெரியவர்கள் கதை இன்னும் மோசம். ஒத்திகை என்றால் ஒருவருக்கு டூட்டி, ஒருவருக்கு சைட்டில் இன்ஸ்பெக்‌ஷன், இன்னொருவர் லீவில் ஊருக்குப் போயிருப்பார். குரலை முதலிலேயே பிடித்து வைத்துவிட்டால் ஆள் மாறினாலும் நாடகம் நடந்துவிடும்.

லேப்டாப்புக்கு அதிபதி எங்கள் சவுண்டு பாய். காயல்பட்டினத்துக்காரர், துபாய் தேராவில் மொபைல் கடை வைத்திருக்கிறார். மேடையின் ஓரத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் அசைய மாட்டார். அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு.

“ட்ராக் நிக்காது. மேடையில யார் மயக்கம் போட்டு விழுந்தாலும் நிக்காது. விழுந்தவங்க எந்திரிச்சு ஓடி வந்து சேந்துக்கங்க.”

சும்மா சொல்கிறவர் இல்லை. ஒரு வருஷம் தர்பார் காட்சியில் ராஜாவின் பஞ்சகச்சம் அவிழ்ந்துவிட்டது. ட்ராக் நிற்கவில்லை. ராஜா ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீதி வழங்கினார். அந்த வேட்டியைக் கட்டிவிட்டது நான்தான் என்பதால் இன்றுவரை என்னைக் கிண்டல் செய்கிறார்கள். குழுவில் உடை, ஒப்பனை எல்லாம் என் பொறுப்பு.

நான் சொல்ல வந்தது மழை அரக்கன் நாடகத்தைப் பற்றி. வங்கியில் வேலை பார்க்கும் எங்கள் இயக்குநர் எழுதிய கதை. ஓர் அரக்கன் நாட்டின் மழையை எல்லாம் கைக்குள் மூடி வைத்திருக்கிறான். அவன் சிரித்தால்தான் அந்தக் கை திறக்கும். அவனோ பிறந்ததிலிருந்து சிரித்ததில்லை. ராஜாவின் வீரர்கள் எல்லாம் தோற்றுப் போக, ஆடு மேய்க்கும் சிறுமி ஒருத்தி போய் அவன் விலாவில் கிச்சுகிச்சு மூட்டுகிறாள். அவன் சிரிக்கிறான், மழை கொட்டுகிறது.

ஆடு மேய்க்கும் சிறுமியாக நடித்தவள் நாலாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். அரக்கன் அவளுடைய அப்பா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு கட்டுமான கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். உயரமும் தொப்பையும் கம்பீரமும் அரக்கனுக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். அவர் நாடகத்துக்கு வந்த கதையை முதல் ஒத்திகையில் அவரே சொன்னார்.

“யக்கா, இவ ஸ்போர்ட்ஸ் டே, ஆனுவல் டே, பொறந்த நாளு, எதுக்குமே நான் போனது கெடையாது. வாரேன் வாரேன்னு சொல்லுவேன், கடைசில சைட்ல மாட்டிக்குவேன். இந்தத் தடவ நம்மளும் உள்ளயே இருந்துட்டா தப்பிக்க முடியாதுல்லா?”

மகள் பக்கத்தில் நின்று அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் தானும் ஒரே மேடையில் ஏறப்போகிறோம் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாளாம்.

குரல் பதிவு பாய் வீட்டுப் படுக்கையறையில் நடந்தது. சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்து, ஏசியை அணைத்துவிடுவார்; இல்லாவிட்டால் அதன் இரைச்சல் பதிவாகிவிடும். ஷார்ஜா வெயிலில் ஏசி இல்லாத மூடிய அறை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அரக்கன் அதட்டினார், கர்ஜித்தார், எல்லாம் பிரமாதம். சிரிப்பு மட்டும் வரவில்லை. “ஹா ஹா ஹா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். கடன் கேட்டு வந்தவனைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது மகள் யாரும் சொல்லாமலே பின்னால் போய் அவர் விலாவில் இரண்டு கைகளையும் வைத்தாள்.

அந்தச் சிரிப்பை நான் எப்படி எழுதுவது? முதலில் ஒரு கீச்சுக் குரல், பிறகு வயிறு குலுங்கி, மூச்சு வாங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, மனிதர் மெத்தையில் சரிந்துவிட்டார். “ஏட்டி, விடுட்டி! விடுட்டி!” என்று கத்தினார். அவள் விடவில்லை. நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். இயக்குநருக்குச் சிரிப்பு மிகவும் பிடித்துவிட்டது. “ஆனா அந்த விடுட்டியை மட்டும் வெட்டிடுங்க பாய். அரக்கன் திருநெல்வேலித் தமிழ் பேசக்கூடாது” என்றார். பாய் தலையாட்டிவிட்டு வெட்டினார்.

நாடகத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அரக்கனாக நடித்தவர் வேலை பார்த்த சைட்டை மூடினார்கள். வேலை போய்விட்டது, விசாவையும் கேன்சல் செய்துவிட்டார்கள். வேறு வேலைக்கு அலையோ அலை என்று அலைந்தார், கிடைக்கவில்லை. மனைவி ஒரு கிளினிக்கில் நர்ஸ். மகளின் விசா மனைவியின் பேரில் இருந்ததால் அவர்கள் இருவரும் இங்கே இருக்கலாம், அவர் மட்டும் ஊருக்குப் போக வேண்டும். இந்த ஊரில் யாரும் ‘வேலை போய்விட்டது’ என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அவரும் சொல்லவில்லை. ஒத்திகைக்கு வந்து, ஒட்டு மீசை இருந்த பிளாஸ்டிக் பையை என் கையில் கொடுத்தார்.

“யக்கா, கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வாரேன். உங்க உயரத்துக்கு வேற யாரு இருக்கா? நீங்களே போடுங்க. கொரலு இங்கனயே கெடக்கட்டும்.”

எனக்கு யார் மீது என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. அத்தனை பெரிய மனிதர் அந்தச் சின்னப் பையைக் கொடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்படித்தான் நான் அரக்கன் ஆனேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பனைமரம் என்று கூப்பிட்ட அத்தனை பேரும் அன்று ஜெயித்துவிட்டார்கள். தொப்பைக்கு வழியில்லாததால் இரண்டு தலையணைகளை வயிற்றில் கட்டி, மேலே ஒரு பழைய போர்வையைத் தைத்துக்கொண்டேன். “எனக்கு இது புதுசா தெரியல” என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய அன்றைய இரவுச் சாப்பாடு கடையில்.

வாயசைப்பு சீக்கிரமே படிந்துவிட்டது. பதிவில் அந்தப் பெண்ணின் அப்பா எங்கே மூச்சு விடுவார், எங்கே நிறுத்துவார் என்பதெல்லாம் எனக்குப் பாடமானது. சிக்கல் அந்தப் பெண்ணிடம்தான். மற்ற காட்சிகளில் ஒழுங்காக நடித்தாள். கிச்சுகிச்சு மூட்டும் இடம் வந்ததும் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொள்வாள். யாரும் தொடாமலே அரக்கன் விழுந்து விழுந்து சிரிப்பான், கை திறக்கும், மேலே இருந்து மழைக்காக நீலத் துணி இறங்கும். பார்க்கவே கண்றாவியாக இருந்தது. இயக்குநர் கெஞ்சினார். அவள் அம்மா டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து அதட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. வேறு பெண்ணைப் போடலாம் என்று பேச்சு எழுந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. உடை மாற்றும் அறையில் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“என்னடி உனக்குப் பிரச்சனை? என்னைப் பிடிக்கலையா?”

“இல்ல ஆன்ட்டி.”

“அப்புறம் ஏன் தொட மாட்டேங்குற?”

அவள் என் தலையணையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். “நான் தொட்டாலும் சிரிப்பு வருது, தொடலைன்னாலும் வருது. லேப்டாப்தான் சிரிக்குது. அப்பா நான் தொட்டாதான் சிரிப்பாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “உங்க வயிறு ஷேக் கூட ஆக மாட்டேங்குது” என்றாள்.

பக்கத்து மேஜையில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்து பார்த்தார். நான் இயக்குநரிடம் போய், அந்தப் பெண்ணை எடுத்தால் அரக்கனும் வர மாட்டான் என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையணையைக் குலுக்க வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். என் வீட்டுக்காரர் இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசை முழுக்கக் குழந்தைகள், பின்னால் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த தாத்தா பாட்டிகள், கடைசியில் நின்றபடி டூட்டியிலிருந்து நேராக வந்தவர்கள். அரங்கத்துக்குள் நெட் சரியாக வராது. அவள் அப்பாவுக்கு வீடியோவில் காட்டும் வழியும் இல்லை. மேடைக்கு ஏறும் முன் அவளைப் பார்த்தேன். கையில் ஆட்டுக் கம்பு, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இன்றைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறாள், அத்தனை பேர் முன்னால் அரக்கன் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கப் போகிறான் என்று நினைத்தபடி தலையணைக் கட்டை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டேன். அவளை நினைத்தால்தான் வேதனையாக இருந்தது.

அந்தக் காட்சி வந்தது. அவளுடைய பதிவுக் குரல் கேட்டது: “அரக்கா, உனக்குச் சிரிக்கவே தெரியாதா?”

அவள் அப்பாவின் குரலுக்கு நான் வாயசைத்தேன்: “எனக்கா? பிறந்ததிலிருந்து நான் சிரித்ததே இல்லை!”

அடுத்தது சிரிப்பு. வரவில்லை. ட்ராக் நின்றுவிட்டது.

லேப்டாப் மண்டையைப் போட்டுவிட்டது என்றே நினைத்தேன். இத்தனை வருஷம் சட்டம் பேசிய மனிதருக்கு இன்றைக்கா இப்படி ஆக வேண்டும்? மனதுக்குள் பாயைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மீசை வியர்வையில் நழுவியது. முன்வரிசையில் ஒரு குழந்தை, “அங்கிள் மறந்துட்டார்” என்றது. ஓரக்கண்ணால் பாயின் மேஜையைப் பார்த்தேன். அவர் பதறவே இல்லை. ஒரு விரலை விசைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் முகவாயை மெல்ல என் பக்கம் அசைத்தார்.

அவள் கம்பைக் கீழே போட்டாள். அருகே வந்து ஒரு விரலால் என் விலாவைத் தொட்டாள்.

சிரிப்பு வந்தது. அந்தக் கீச்சுக் குரல். அவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். சிரிப்பும் நின்றது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். இந்த முறை முழுக் கையையும் வைத்தாள். சிரிப்பு மறுபடி வந்தது, இன்னும் கொஞ்சம் நீளமாக. நான் தலையணையைக் குலுக்கினேன், உடம்பையே குலுக்கினேன். கையை எடுத்தாள், நின்றது. குழந்தைகள் எழுந்து நின்று, “இன்னும்! இன்னும்!” என்று கத்தினார்கள்.

மூன்றாவது முறை அவள் பக்கத்தில் இருந்த அட்டைப் பாறை மேல் ஏறி, என் இரண்டு அக்குளிலும் கையை விட்டுவிட்டாள். பாய் விரலை எடுக்கவில்லை. சிரிப்பு முழுவதும் வந்தது, மூச்சு வாங்குவதும் வந்தது, அதற்குப் பிறகு, வெட்டிப்போட்டதாக நாங்கள் எல்லோரும் நினைத்திருந்ததும் அரங்கம் அதிர வந்தது.

“ஏட்டி, விடுட்டி! விடுட்டி!”

அரங்கமே ஓவென்று சிரித்தது. கடைசியில் நின்றிருந்த யாரோ திருநெல்வேலிக்காரர் விசிலடித்தார். திரைக்குப் பக்கத்தில் நின்ற இயக்குநர் வாயைப் பிளந்தபடி நின்றார். அந்தப் பெண் சிரித்தாள், வாயசைப்பு இல்லை, சொந்தக் குரலில் சத்தமாகச் சிரித்தாள். நான் கையைத் திறக்கவே மறந்துபோனேன். நீலத் துணி தானாக இறங்கி எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. துணிக்குள் நான் அழுதேன். மீசை போன இடம் தெரியவில்லை.

முடிந்த பிறகு பாயிடம் போய், “உங்க சட்டம் என்ன ஆச்சு?” என்றேன்.

“கடையில உக்காந்து சிரிப்ப மட்டும் தனியா எடுத்து வச்சேன்க்கா. யாவாரம் ஒண்ணும் இல்ல” என்றார். லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தார்.

அரங்கத்துக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்தில், அவள் அம்மா ஊருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் தலையணையைக் கையில் சுமந்தபடி பக்கத்தில் நின்றேன். அந்த முனையில் அவர் கேட்டார்: “எப்பிடிட்டி இருந்துச்சு? அப்பா நல்லா சிரிச்சேனா?”

“மூணு தடவ சிரிச்சீங்க. விடுட்டி விடுட்டின்னு கத்துனீங்க.”

லைன் போய்விட்டதோ என்று அவள் அம்மா போனைப் பார்த்தாள்.

“நான் விடவே இல்லப்பா” என்றாள் அவள்.